சொக்கனுக்குப் பாத்த ஜோடி

பயப்படாம உக்காருங்க தம்பி, கடிக்காது. கூண்டு மேல துண்டு போட்டு மூடித்தான் வெச்சிருக்கேன். முந்தி கடிக்கும், இல்லீங்கல. சதையோட எடுக்கும். இதா பாருங்க கட்டவெரல்ல தழும்பு. இப்பக் கடிக்கறதுக்குக்கூட அதுக்குத் தெம்பு இல்லை. சரியாத் தீனி எடுத்து இன்னைக்கோட எட்டு நாளாச்சுங்க. டாக்டர் கொழாய் வெச்சு ஊத்துனதுலதான் உசுரு நிக்குது.

கிளி இல்லீங்க. எல்லாரும் கிளிங்கறாங்க. அந்தக் கண்டக்டரும் என்ன பெருசு, கிளி ஜோசியமான்னு கேட்டுச் சிரிக்கறான். இது மக்காவுங்க. டிவில பாத்திருப்பீங்க, செவப்பும் நீலமுமா, கை நீளத்துக்கு வால் வெச்சுட்டு. அந்தச் சாதிதான். அதுலயே இதுதான் பொடுசு. மூக்குல இருந்து வால் நுனி வரைக்கும் ஒரு அடி வந்தாப் பெருசு. ஒடம்பு பச்சை, நெத்தி நீலம். கண்ணச் சுத்தி முடியே இல்லாம வெள்ளைத் தோலா இருக்கும், சுண்ணாம்பு அடிச்சாப்பல. நம்மூருக் கிளிக்கு ஏதுங்க அது?

நீங்க எது வரைக்கும்? கரூரா. நான் வெள்ளகோயில்ல எறங்கிக்குவேன். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுமல்லோ. சொல்லிக்கிட்டே வாரேன், கேளுங்க. எனக்கும் யாருகிட்டயாவது சொல்லிப் பாக்கோணும். அங்க பஸ் ஸ்டாண்டுல என்ற சம்சாரம் நிப்பா. அவகிட்ட என்ன சொல்றதுன்னுதான் திருப்பூர்ல ஏறுனதுல இருந்து ரோசனை. துளசிமணின்னு பேரு. அஞ்சு மாசமா அவ அண்ணன் ஊட்ல இருக்கறா. கோவிச்சுட்டுப் போனான்னு நெனச்சுக்காதீங்க. சண்டையே கெடையாது எங்களுக்குள்ள. நாந்தான் போன்னு தாட்டி உட்டேன். இந்தக் குருவிக்காகத்தான் தாட்டி உட்டேன்.

சிரிக்காதீங்க. மொதல்ல இருந்து சொல்றேன்.

நான் பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டருங்க. இருவத்தெட்டு வருசம். சென்னியப்பன் மாஸ்டர்னா அனுப்பர்பாளையத்துல எல்லாருக்கும் தெரியும். மொட்டமாடியில லவ் பேர்ட்ஸ் வளத்த ஆரம்பிச்சு, அப்பறம் காக்டெயில் குருவி, அப்பறம் கான்யூர்னு போய், இதுல வந்து நின்னுச்சு. என்ற கையில ஜோடி சேராத குருவி கெடையாதுங்க. நாலு வருசமா முட்டை வெக்கலைன்னு கொண்டாந்து குடுப்பாங்க, ஆறே மாசத்துல குஞ்சோட திருப்பிக் குடுத்திருக்கேன். எங்க வாட்ஸப் குரூப்புல என்ற பேரே ஜோடி மாஸ்டர். ஆணையும் பொட்டையையும் ஒரு கூண்டுல போட்டாச் சேந்துரும்னு நெனைக்கறாங்க. அப்படியில்லை. அதுக மனசு தெரியோணும். அது எல்லாத்துக்கும் வராதுங்க.

இதோட சொந்த ஊரு பிரேசில், கயானா அந்தப் பக்கம். நான் போயா பாத்தேன்? படிச்சதுதான், வீடியோல பாத்ததுதான். அங்க தண்ணி தேங்கி நிக்கற தரையில நம்ம பனையாட்ட ஒரு மரம் நிக்குது. பட்டுப்போன மரமாப் பாத்து, பொந்துக்குள்ள முட்டை வெக்கும். மூணு, நாலு. இருவத்திநாலு நாள் அடை. பொட்டைதான் அடையில உக்காரும், வெளியவே வராது. சேவல் என்ன பண்ணும் தெரியுங்களா? போய்ப் பழம் தின்னுட்டு வந்து, தொண்டைக்குள்ள போனதை மேல கொண்டாந்து, பொந்து வாசல்ல உக்காந்து அவளுக்கு ஊட்டும். தெனமும். ஒரு வேளை தவறாது. எனக்கு அதைப் பாத்தாக் கண்ணுல தண்ணி வந்துரும். ஒரு நாள் துளசிமணியைக் கூப்பிட்டுக் காட்டுனேன். பாரு புள்ள, என்ன பொறுப்பு பாரு அதுக்குன்னேன். கரண்டியோட வந்து நின்னு பாத்தா. ஆமாங்கன்னா. உங்களுக்கு இன்னொரு தோசை வாக்கட்டுமான்னா. அவளுக்கு இதுலயெல்லாம் ரசனை பத்தாதுங்க.

ஆறு வருசத்துக்கு முன்னால அன்னூர் நாச்சிமுத்துகிட்ட ஒரு ஜோடி வாங்குனேன். நம்ம சிநேகிதர்தான், பெரிய கை. அந்த ஜோடி மொதல் ஈட்டுல மூணு முட்டை வெச்சுது. ரெண்டு கூமுட்டை. ஒண்ணு பொரிச்சுது. அதுதான் இந்தத் துண்டுக்குள்ள இருக்கறது. பதினெட்டாம் நாள் முட்டை வெக்கற பொட்டியில இருந்து எடுத்துட்டேன். கையில வளத்துனாத்தான் மனுசனுக்குப் பழகும், அது தொழில் முறை. ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஊட்டோணும். நான் கம்பெனிக்குப் போகோணுமல்லோ? துளசிமணி பாத்துக்கிட்டா. எங்க பொண்ணை அப்பத்தான் கட்டிக் குடுத்து ஓசூருக்கு அனுப்பிச்சிருந்தோம், ஊட்ல சும்மாதான் இருந்தா. மாவை வெதுவெதுன்னு கரைச்சு, மணிக்கட்டுல ஒரு சொட்டு உட்டுப் பாத்து, சிரிஞ்சுல ஊட்டுவா. மடியில துணி போட்டு வெச்சுக்குவா. முடி இல்லாம, கண்ணு சரியாத் தொறக்காம, பாக்கறதுக்கே அருவருப்பா இருக்கும் அது. அதைப் போய் சொக்கன்னு பேரு வெச்சாளுங்க. அழகனாமா!

பேரு வெக்காத புள்ளன்னேன். பேரு வெச்சா விக்கறப்ப மனசு கஷ்டப்படும். கால்ல ரிங் இருக்குது, நம்பர் நாப்பத்தொண்ணு, அப்படிக் கூப்பிடுன்னேன். சரிங்கன்னா. நான் அந்தப் பக்கம் போனதும் சொக்கா, சொக்கான்னு கேக்கும்.

ரெண்டு வருசத்துல அது பேச ஆரம்பிச்சுது. நான் வணக்கம் சொல்லிக் குடுத்தேன், நம்பர் சொல்லிக் குடுத்தேன், வாயே தொறக்கலை. அவ சொல்லிக் குடுத்ததைச் சொல்லுச்சு. என்ன சொல்லுச்சுங்கறீங்க? சாப்பிட்டியா துளசி. மத்தியானம் ரெண்டு மணி ஆனா மாடியில இருந்து கத்தும், சாப்பிட்டியா துளசி, சாப்பிட்டியா துளசின்னு. தெருவே சிரிக்கும். நான் கேட்டேன், ஏம்புள்ள, உன்ற பேரையே நீயே சொல்லிக் குடுத்து உன்னையே கேக்கச் சொல்லுவியா, பைத்தியமா உனக்குன்னு. காஞ்ச துணியை எடுத்துட்டுக் கீழ போய்ட்டா. அவ அப்படித்தான். கேட்டாப் பதில் சொல்ல மாட்டா. முப்பத்தொரு வருசமாப் பாக்கறேன், பேசற சுபாவமே இல்லீங்க அவளுக்கு.

அப்பறம் தோள்பட்டையில செவப்பு வந்துச்சு. குஞ்சுல அது இருக்காதுங்க, வெறும் பச்சைதான். வயசுக்கு வந்தாத்தான் இறக்கை மடிப்புல செவப்பு எறங்கும். அந்த வருசம் ஒரு நாள் துளசிமணி மாடியில இருந்து ஓடியாந்தா, மூச்சு வாங்குது. ஏனுங்க, சொக்கன் வாந்தி எடுக்கறான், என்ற கையிலயே எடுத்துட்டான்னு அழுகறா. போய்ப் பாத்தேன். அது கழுத்தை மேலயும் கீழயும் ஆட்டி ஆட்டி, தின்ன வெதையை மேல கொண்டாந்து அவ உள்ளங்கையில வெக்குது. நான் சிரிச்ச சிரிப்பு இருக்குதே! அட கூறுகெட்டவளே, வாந்தி இல்லைடி, அது உனக்கு ஊட்டுது. உன்னையத் தன்ற பொண்டாட்டின்னு நெனச்சுட்டு இருக்குதுன்னேன். அன்னைக்கே குரூப்புல போட்டேன். ஞாயித்துக்கெழமை நாச்சிமுத்து, இன்னும் நாலு பேரு ஊட்டுக்கே வந்துட்டாங்க, வேடிக்கை பாக்க. அவளைக் கூப்பிட்டு, கையை நீட்டு புள்ளன்னேன். நீட்டுனா. அதுவும் ஊட்டுச்சு. எல்லாரும் கையைத் தட்டறாங்க. சென்னியப்பா, உன்ற எடத்துக்கு ஆளு வந்துட்டானப்பான்னான் நாச்சிமுத்து. நானும் சிரிச்சேன். அவ மட்டும் டீ வெக்கறேன்னு கீழ போனவ, டீயை டம்ளர்ல ஊத்தி வெச்சுட்டு ரூமுக்குள்ள போய்ட்டா. தலைவலின்னா.

ஆனா பாருங்க, தொழில்காரனுக்கு அது வேடிக்கை இல்லை. மனுசன் மேல ஒட்டிக்கிட்ட சேவல் பொட்டையைச் சேத்தாது. இறகு புடுங்கி லேப்புக்கு அனுப்பிச்சேன், சேவல்னு சர்ட்டிபிகேட் வந்துச்சு. இதுகள்ல ஆணு பொண்ணு பாத்தாத் தெரியாதுங்க, அச்சு ஒண்ணுதான். நாச்சிமுத்துகிட்ட நல்ல பொட்டை ஒண்ணு பாத்தேன். வேற ரத்தம், அருமையான சைஸு. தேக்குப் பலகையில பொட்டி அடிச்சு மாட்டி, போன ஐப்பசியில ரெண்டையும் ஒண்ணா உட்டேன். அது பொட்டையத் திரும்பிக்கூடப் பாக்கலை. சமையக்கட்டுப் பக்கம் இருக்கற கம்பியப் புடிச்சுத் தொங்கிட்டு, பொழுதுக்கும் கத்தல். துளசி, துளசி, துளசி.

சரி, இதுக்கு ஒரே வைத்தியம்தான். அவ அதோட கண்ணுல படக்கூடாது. மாடிக்கு வராதன்னுட்டேன். துணியக் கீழயே காயப்போடுன்னேன். சரின்னா. அப்பவும் அவ சத்தம் கேட்டாப் போதும், படியில கொலுசு கேட்டாப் போதும், அது பொட்டைய உட்டுட்டு ஓடியாந்துரும். கொலுசைக் கழட்டுன்னேன். கழட்டுனா. பேசாதன்னேன். மெதுவாப் பேசறேங்கன்னா. மெதுவாவும் வேண்டாம், நாப்பது நாள் கம்முனு இருன்னேன். இருந்தாளுங்க. அவளுக்கு அது ஒண்ணும் பெரிய கஷ்டம் இல்லை, நாந்தான் சொன்னனே, பேசற சுபாவமே கெடையாது. கை ஜாடையில சாப்பாடு போட்டா. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை.

ஆனா அவ இருமுனாளுங்க. கார்த்திகைக் குளிரு, இருமல் அவளுக்கு. ஒரு இருமலு, அம்புட்டுத்தான். பத்து நாளா மெல்ல மெல்லப் பொட்டைகிட்டப் போயிருந்தது, கம்பிக்கு ஓடியாந்து துளசின்னு கத்துச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். நீ இந்த ஊட்ல இருக்கற வரைக்கும் இது சேராது, போய் உன்ற அண்ணன் ஊட்ல ஒரு மாசம் இருந்துட்டு வான்னேன். என்ற மூஞ்சியச் சித்த நேரம் பாத்தா. ஒரு மாசமான்னு கேட்டா. முட்டை வெக்கற வரைக்கும்னேன். ஒரே ஒரு பையோட போனா. கொலுசு பீரோல இருக்குது இன்னும்.

நீங்க சொல்லுங்க தம்பி, இதுல என்ன தப்பு இருக்குது? எங்க குரூப்புல ஒருத்தன் சன் கான்யூருக்காக ஊட்டு டிவியவே ரெண்டு மாசம் மூடி வெச்சான். தொழில்னா அப்படித்தான்.

வாரத்துக்கு ஒருக்காப் போன் பண்ணுவேன். அவ கேக்கறது ஒண்ணுதான், சொக்கன் எப்படி இருக்கறான்? என்னைய எப்படி இருக்கறீங்கன்னுகூட இல்லை. நல்லா இருக்குதும்பேன். பொட்டையோட சேந்துட்டானான்னு கேப்பா. சேந்துட்டே இருக்குதும்பேன். அப்படியா, சந்தோசம்னு சொல்லுவா. வெச்சுருவா. பின்னால ஒரே சத்தமா இருக்கும். அங்க அங்கன்வாடியில சமைக்கற பொம்பளை வேலையில இருந்து நின்னுட்டாளாமா, இவளைக் கூப்பிட்டிருக்காங்க. கொழந்தைக கத்தும், பொம்பளைக சிரிப்பாங்க. ஒருக்கா அவ சிரிச்சது கேட்டுச்சுங்க. வேற யாரோன்னு நெனச்சுட்டேன்.

உண்மை என்னன்னா, சேரவே இல்லை. மார்கழியில பொட்டையோட கால்ல ஒரு வெரலைக் கடிச்சு எடுத்துருச்சு. ரத்தம் பலகையெல்லாம். பொட்டையத் தனியா எடுத்துட்டேன். அப்பறம் இது தன்ற மாரு முடியத் தானே புடுங்க ஆரம்பிச்சுது. இப்பத் துண்டை எடுத்துக் காட்டுனா நீங்க சாப்பிட மாட்டீங்க, அப்படி இருக்குது, உரிச்ச கோழியாட்ட. பேச்சும் நின்னு போச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்கு மாடியில ஒரு சத்தம் இருக்காது. நான் ஏன் அவகிட்டச் சொல்லலைன்னு கேக்கறீங்களா? எப்படிங்க சொல்றது? ஜோடி மாஸ்டர்ங்கறாங்க என்னைய. ஒரு மாசம் ரெண்டாச்சு, நாலாச்சு. முட்டை வெச்சாச்சான்னு அவளும் கேக்கறதை உட்டுட்டா.

போன வாரம் தீனியும் நிறுத்திருச்சு. டாக்டரம்மாகிட்டத் தூக்கிட்டு ஓடுனேன். சின்னப் பொண்ணுதான், கெட்டிக்காரி. எல்லாம் பாத்துட்டு, சீக்கு ஒண்ணும் இல்லைங்க ஐயா, இதை வளத்துனது யாருன்னு கேட்டுச்சு. நாந்தான்னேன். பறவையப் பாத்துச்சு. அது எனக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்குது. ஊட்டி வளத்துனது யாருன்னு இன்னொருக்காக் கேட்டுச்சு. என்ற சம்சாரம்னேன். அவங்ககிட்டக் கொண்டு போங்க, இல்லைன்னா பொழைக்காதுன்னு சொல்லிருச்சு. போறப்போ, ஐயா நீங்க ஒழுங்கா சாப்பிடறீங்களான்னு என்னையக் கேக்குது! குருவி டாக்டரு என்னையக் கேக்குது. அஞ்சு மாசமா ஓட்டல்ல தின்னா எவன் உடம்பு தேறும்? பேண்ட்டு இடுப்புல நிக்க மாட்டேங்குது. அதை உடுங்க. என்ற கதையா இப்ப?

முந்தாநேத்துப் போன் பண்ணுனேன். சொக்கனைக் கொண்டாரேன்னேன். அந்தப் பேரை நான் சொன்னது அதுதான் மொதத் தடவை. எந்த பஸ்ஸுன்னு அவ கேட்டா. அம்புட்டுத்தான்.

இப்ப என்ன சொல்றது நான், சொல்லுங்க? குருவி சாகப் போகுது, பொறப்படுன்னு சொல்லலாம். அப்படிச் சொன்னாக் குருவிக்காகத்தான் கூப்பிடறேன்னு நெனப்பா. குருவிக்காகத்தானுங்க கூப்பிடறேன், வேற எதுக்கு? இல்லை, தப்புப் பண்ணிட்டேன் துளசின்னு சொல்லோணுமா? நான் என்ன தப்புப் பண்ணுனேன்? ஊட்டுக்கு வா புள்ளன்னு சொன்னாப் போதும்னு எனக்கே தோணுது. ஆனா அதை எப்படிங்க வாயில கொண்டார்றது? முப்பத்தொரு வருசத்துல நான் அவளை வான்னு கூப்பிட்டதே இல்லீங்க. நான் முன்னால நடப்பேன், அவ பின்னால வருவா. கூப்பிடறதுக்கு என்ன இருக்குது?

பயமா இருக்குதுங்க தம்பி. பொய் எதுக்கு? ஊட்ல நாப்பது குருவி கத்துது. கீழ எறங்கி வந்தா ஒரு சத்தம் இல்லை. கரண்டிச் சத்தம் இல்லை. நானே இருமிப் பாத்துக்கறேன் சில நேரம்.

ஓலப்பாளையம் போயிருச்சா? அட, பேச்சுல பாக்கவே இல்லை. வெள்ளகோயில் வந்துருச்சுங்க. அதா, அதா நிக்கறா பாருங்க, டீக்கடைப் பக்கம், பச்சைச் சீலை. எளைச்சிருப்பான்னு நெனச்சேன். இல்லை, தேறியிருக்கறா. சரிங்க, வாரேன். அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க. இருக்கட்டும் இருக்கட்டும், மொதல்ல கூண்டைக் குடுத்துட்டு வந்து எடுத்துக்கறேன். வாரேனுங்க.

சித்தே தள்ளி உக்காருங்க தம்பி.

ஆமாங்க. எறங்கலை.

கண்டக்டரே, கரூருக்கு ஒண்ணு போடப்பா. இல்லப்பா, எறங்கலைன்னா எறங்கலை, டிக்கெட்டைக் குடு.

படியில நின்னுதான் குடுத்தனுங்க கூண்டை. ரெண்டு கையிலயும் வாங்குனா. துண்டை எடுத்தா. அது கண்ணை மூடித்தான் கெடந்துச்சு. சொக்கான்னா. கண்ணைத் தொறந்து, இழுத்துக்கிட்டே வந்து கம்பியில தலைய சாச்சுருச்சுங்க. தொண்டையத் தொட்டுப் பாத்தா, உள்ள எதுவுமில்லைன்னு தெரிஞ்சு போச்சு அவளுக்கு. எத்தனை நாளுன்னா. எட்டுன்னேன். அஞ்சு மாசமா நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களேன்னா. கத்தலைங்க. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், ஏதோ ஒண்ணு ஆகியிருக்கும். மெதுவாத்தான் கேட்டா.

அப்பத்தான் சொல்லியிருக்கோணும். வாயில என்ன வந்துச்சு தெரியுங்களா? பத்து நாள் வெச்சுத் தேத்தித் தாட்டி உடு, வேற பொட்டை ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்னேன். சத்தியமா அதைச் சொல்ல நான் நெனைக்கவே இல்லீங்க. அதுவா வந்துருச்சு. அவ கூண்டைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா. சொக்கன் இனி அங்க வர மாட்டானுங்கன்னா. சொல்லிட்டுப் போகலைங்க. அங்கயே நின்னா. என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னா. டிரைவர் ஏறி உக்கார்ற வரைக்கும் நின்னா, விசில் அடிக்கற வரைக்கும் நின்னா.

அப்ப நானுன்னு கேட்டேன். கேட்டேன்னுதான் நெனைக்கறேன். மனசுக்குள்ள அவ்வளவு சத்தமாக் கேட்டுச்சுங்க, அப்ப நானு, அப்ப நானுன்னு. ஆனா அவ பதில் சொல்லலையே. கேட்டாப் பதில் சொல்ல மாட்டான்னு நான் சொன்னேன் உங்ககிட்ட, ஆனா இதுக்குக்கூடவா சொல்லாம இருப்பா? பஸ்ஸு கெளம்புனதுக்கப்பறந்தான் அவ திரும்புனா.

தம்பி, நீங்க இந்த ஜன்னல்ல இருந்து பாத்துட்டுத்தான இருந்தீங்க. எனக்கு அது மட்டும் சொல்லுங்க. என்ற வாய் அசஞ்சுதா?